மீன் பட்டது, ஆள் படுத்தான்: எந்த மொழி வினைச்சொல்லையும் காலத்தோடு கழற்றிப் பூட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரத்தில் ஒரு விடுதியின் வரவேற்பில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் "கல் தனுஷ்கோடி கயே தே" என்றார்கள். 'கல்' என்றால் நாளை என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள், தனுஷ்கோடி என்பது காதில் தெளிவாக விழுந்தது, அது போதும் என்று நினைத்து மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு வேனை வரச்சொல்லி வாசலில் நிறுத்திவிட்டேன். அவர்கள் சொன்னதோ "நேற்றே தனுஷ்கோடி போய்வந்துவிட்டோம்" என்று. இந்தியில் 'கல்' என்பது நேற்றும்தான், நாளையும்தான். எது என்று சொல்லும் வேலை வினைச்சொல்லுக்கு. 'கயே தே' என்றால் நேற்று, 'ஜாயேங்கே' என்றால் நாளை. வேன்காரருக்கு என் கையிலிருந்து கொடுத்த இருநூறு ரூபாய்தான் இலக்கணத்துக்கு நான் கட்டிய முதல் ஃபீஸ்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் வளைகுடாவில் இருந்தேன், திரும்பி வந்து மறுபடி இங்கேயே கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கரையில் மொழி கற்க வேண்டிய அவசியம் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் இருக்கிறது. அக்னி தீர்த்தம் பக்கம் சங்கு, பாசிமணி விற்பவர்களுக்கு இந்தியும் தெலுங்கும் வேண்டும், கீழக்கரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு அரபி, தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துப் பையன்களுக்கு மலாய். எல்லோரும் பொருள்களின் பெயரை வேகமாகப் பிடித்துவிடுகிறார்கள், வினைச்சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் அட்டவணைப் புத்தகம் ஒன்றை வாங்கி இரண்டு பக்கம் மனப்பாடம் செய்து மூன்றாம் நாள் மூடிவைக்கிறார்கள்.

அட்டவணை பிறகு வரட்டும். முதலில் கழற்றத் தெரிய வேண்டும். அதற்கான ஸ்பேனர் தமிழ் படித்த எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது, பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்காக எழுதிவிட்டு மறந்துபோனோமே, அந்தப் பகுபத உறுப்பிலக்கணம்.

முதல் படி: தமிழை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுங்கள்

பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் ஆறு உறுப்பு சொல்கிறது. நம் வேலைக்கு மூன்று போதும். 'செய்கிறாள்' என்பதில் 'செய்' பகுதி, 'கிறு' காலம், 'ஆள்' ஆள். (உண்மையிலேயே 'ஆள்'தான், சிரிக்காதீர்கள்.) பகுதி முதலில், காலம் நடுவில், யார் என்பது கடைசியில். தமிழ் வினைமுற்றில் பெரும்பாலும் இந்த வரிசை மாறுவதே இல்லை. இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், ஏனென்றால் மற்ற மொழிகளில் இந்த மூன்றும் எங்கெங்கே இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன என்று தேடுவதுதான் மொத்த விளையாட்டே.

இறந்த காலத்துக்கு த், ட், ற், இன். நிகழ்காலத்துக்கு கிறு, கின்று, ஆநின்று. (கடைசியதை இன்று யாரும் தொடுவதில்லை.) எதிர்காலத்துக்கு ப், வ். நம் ஊர்ப் பேச்சிலும் இதே சட்டம்தான். "அவுக வந்தாக" என்கிறோமே, அதில் 'ஆர்கள்' தேய்ந்து 'ஆக' ஆகியிருக்கிறது, காலம் காட்டும் எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 'போறாக' என்பதில் 'கிறு'வின் ககரம் விழுந்து றகரம் மட்டும் நிற்கிறது, 'போவாக' என்பதில் வகரம் அப்படியே இருக்கிறது. கொச்சை என்று யாராவது சொன்னால் இதைக் கழற்றிக் காட்டுங்கள்.

சரி, எந்த வினைக்கு எந்த எழுத்து என்று எப்படித் தெரியும்? நமக்குப் பழக்கத்தில் வருகிறது, தமிழ் கற்க வருகிற வெளியூர்க்காரர் திணறுவது இங்கேதான். நான் சொல்லிக் கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு: வினைக்குப் பின்னால் 'வேண்டும்' சேர்த்துப் பாருங்கள். 'படிக்க வேண்டும்', 'நடக்க வேண்டும்' என்று 'க்க' வந்தால் நிகழ்காலம் 'க்கிற்', எதிர்காலம் 'ப்ப்'. படிக்கிறான், படிப்பான். நடக்கிறான், நடப்பான். 'செய்ய வேண்டும்', 'ஓட வேண்டும்' என்று 'க்க' வராமல் போனால் 'கிற்', 'வ்'. செய்கிறான், செய்வான். ஓடுகிறான், ஓடுவான். சில வினைகள் முரண்டு பிடிக்கும்: கேட்க வேண்டும், ஆனால் கேட்பான். உண்ண வேண்டும், ஆனால் உண்பான். தின்ன வேண்டும், ஆனால் தின்பான்.

இறந்த காலம் கொஞ்சம் சிக்கல். படித்தான், நடந்தான், ஓடினான், கண்டான், நின்றான், விற்றான் என்று ஒவ்வொன்றும் ஒரு திசையில் போகும். இன்னொரு கூட்டம் இடைநிலையே இல்லாமல், பகுதியின் கடைசி மெய்யை இரட்டித்துக் காலம் காட்டும்: போடு போட்டான், விடு விட்டான், பெறு பெற்றான். எனவே தமிழ் கற்பவருக்கு ஒவ்வொரு வினையையும் 'வேண்டும்' வடிவம், இறந்த கால வடிவம் என்று ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும். 'நடக்க, நடந்தான்.' 'கவிழ, கவிழ்ந்தான்.' இரண்டு தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

'படு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் நின்று "மீன் பட்டதா?" என்று கேட்கிறோம். பட்டது, படுகிறது, படும். அதே மீனைப் பிடித்துவிட்டு வந்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்தார், படுக்கிறார், படுப்பார். எழுத்து ஒன்று, பகுதி ஒன்று, பூட்டும் சட்டம் வேறு, பொருளும் வேறு. 'வேண்டும்' சோதனை போட்டால் உடனே பிரிந்துவிடும்: பட வேண்டும், படுக்க வேண்டும். வள்ளம் கவிழ்ந்தது, அலை வள்ளத்தைக் கவிழ்த்தது. வலை நனைந்தது, வலையை நனைத்தான். தானாக நடந்ததற்கு மெல்லெழுத்து, ஒருவர் செய்ததற்கு வல்லெழுத்து என்று இந்த ஜோடிகளில் ஓர் ஒழுங்கு ஓடுகிறது.

இரண்டாவது படி: வடிவம் வேறு, நேரம் வேறு

இதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், அங்கேயே கால் தடுக்குகிறது. எதிர்கால வடிவம் என்று நாம் பெயர் வைத்திருப்பது எப்போதும் எதிர்காலத்தைச் சொல்வதில்லை. "ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்" என்றால் அது வருங்காலச் செய்தி இல்லை, வருடாவருடம் நடப்பது. "அப்போதெல்லாம் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னுவார்" என்றால் தாத்தா போய்ச் சேர்ந்து முப்பது வருடம் ஆகியிருக்கும். நிகழ்கால வடிவம் நாளையைச் சொல்லும்: "நாளைக்கு வருகிறேன்." இறந்த கால வடிவமோ இன்னும் நடக்காததையும் சொல்லும். குளியலறையில் இருந்துகொண்டே போனில் "இதோ வந்துட்டேன்" என்கிறோம் அல்லவா? இது பொய் இல்லை, இலக்கணம். விரைவைக் காட்ட, வராத காலத்தை இறந்த காலமாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியமே அனுமதி கொடுத்திருக்கிறது. நன்னூல் விரைவோடு மிகுதியையும் தெளிவையும் சேர்த்துக் காலவழுவமைதி என்கிறது.

இந்தி ஓட்டல்களில் பையனைக் கூப்பிட்டால் "அபீ ஆயா" என்று கத்துவான். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'இப்போது வந்தேன்', அர்த்தமோ 'இதோ வருகிறேன்'. நம் 'வந்துட்டேன்' மாதிரியேதான். ஆனால் எல்லா மொழியிலும் இப்படி ஒத்துப்போகும் என்று நம்பி இறங்காதீர்கள். கச்சான் வாக்கியத்தை ஆங்கிலத்தில் 'வில்' போட்டுச் சொன்னால் வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிடும், அங்கே நிகழ்கால வடிவம்தான் வேண்டும். தெலுங்கில் நம்மைப் போலத்தான், 'வஸ்தாடு' என்ற ஒரே வடிவம் 'தினமும் வருவான்' என்பதற்கும் 'நாளை வருவான்' என்பதற்கும் நிற்கும். இந்தியில் பழக்கத்துக்கு ஒரு வடிவம், நாளைக்கு வேறு வடிவம்.

ஆகவே புது மொழியில் ஒரு வினையைக் கையில் எடுத்தால் நான் கேட்கிற கேள்விகள் இவை. பகுதி எது? காலம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, முன்னாலா பின்னாலா, தனிச் சொல்லாகவா? வால் யாருக்காக ஆடுகிறது, அதாவது விகுதியை மாற்றுவது செய்பவரா, அவர் ஆணா பெண்ணா என்பதா, செயப்படுபொருளா, யாருமே இல்லையா? தினமும் நடப்பதற்கு எந்த வடிவம்? கடைசியாக, 'இல்லை' என்று சொன்னால் என்ன ஆகிறது? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். தமிழையே பாருங்கள். வந்தான், வருகிறான் என்று இரண்டாக இருப்பது எதிர்மறையில் 'வரவில்லை' என்று ஒன்றாகிவிடுகிறது. 'நேற்று வரவில்லை', 'இப்போது வரவில்லை', வித்தியாசமே கிடையாது. நாமும் கவனிப்பதே இல்லை.

மூன்றாவது படி: ஒவ்வொரு மொழியாகக் கழற்றலாம்

இந்தியில் இருந்து தொடங்குவோம், இங்கே அதுதான் தினசரித் தேவை. 'ஆ' என்பது பகுதி, அதாவது 'வா'. ஆத்தா, ஆ ரஹா, ஆயா என்று மூன்று துண்டுகள். முதலாவது பழக்கம், இரண்டாவது நடந்துகொண்டிருப்பது, மூன்றாவது முடிந்தது. இவற்றுக்குப் பின்னால் 'ஹை' போட்டால் இன்றைக்கு, 'தா' போட்டால் அன்றைக்கு. ஆத்தா ஹை, வருவது வழக்கம். ஆத்தா தா, அப்போதெல்லாம் வருவான். ஆ ரஹா ஹை, வந்துகொண்டிருக்கிறான். ஆ ரஹா தா, வந்துகொண்டிருந்தான். ஆயா ஹை, வந்திருக்கிறான். ஆயா தா, வந்திருந்தான். மூன்றும் இரண்டும் பெருக்கினால் ஆறு, புத்தகத்தில் பத்துப் பக்கம் வருவது இவ்வளவுதான். எதிர்காலத்துக்குத் தனியாக 'ஆயேகா'.

இனி வால். இந்தியில் 'நான்' என்று பேசும்போதே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். ஆண் 'ஆத்தா ஹூ' என்பான், பெண் 'ஆத்தீ ஹூ' என்பாள். தமிழில் 'வருகிறேன்' என்றால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், எனவே நமக்கு இது புதிது. எங்கள் சின்னம்மா அக்னி தீர்த்தம் பக்கம் பாசிக்கடை வைத்திருக்கிறார். இந்தி முழுவதும் வேன் டிரைவர்களிடம் காதால் கேட்டுக் கற்றது, ஆகையால் 'தருகிறேன்' என்பதற்கு "மை தேத்தா ஹூ" என்று ஆண் மாதிரியே பேசுவார். வாங்க வரும் பெண்கள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள், "ஆமா ஆமா" என்று தலையாட்டிவிட்டு மறுபடி அதையே சொல்வார். யாரிடம் கற்கிறோமோ அவர்களுடைய வால் நமக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கவனியுங்கள். ஆண்கள் ஆண்களிடமிருந்தும் பெண்கள் பெண்களிடமிருந்தும் 'நான்' வாக்கியங்களைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

இந்தியின் பெரிய பள்ளம் அடுத்தது. செயப்படுபொருள் குன்றாத வினை, முடிந்ததைச் சொல்லும் 'ஆயா' மாதிரி வடிவத்துக்குப் போனால் எழுவாயோடு 'நே' ஒட்டும், வால் எழுவாயை விட்டுவிட்டுப் பொருளுக்காக ஆடத் தொடங்கும். எங்கள் கடைத்தெரு உதாரணத்தையே சொல்கிறேன். சங்கு, இந்தியில் ஷங்க், ஆண்பால். மாலை, மாலா, பெண்பால். "ஆப்னே ஷங்க் லியா", "ஆப்னே மாலா லீ". வாங்கியவர் ஒரே ஆள்தான், வாங்கிய பொருளைப் பார்த்து வினை மாறிவிட்டது. சாப்பிட்டதும் அப்படியே: சாவல் காயா, மச்லீ காயீ. சோறு ஆண், மீன் பெண். பொருளோடு 'கோ' ஒட்டிவிட்டால் வால் யாருக்கும் ஆடாமல் ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும்: "மச்லீ கோ தேகா", மீனைப் பார்த்தேன். கொண்டுவருதல், மறத்தல் இரண்டுக்கும் பொருள் உண்டு, இருந்தும் 'நே' வராது. அதனால் மீன் கொண்டுவந்தவன் ஆண் என்றால் "வோ மச்லீ லாயா"தான்.

முறை தவறி நடக்கும் வினைகள் கொஞ்சம்தான்: கியா, கயா, தியா, லியா, பியா, ஹுவா. ஒரே நாளில் முடித்துவிடலாம். மரியாதைக்கு ஒருவரையே பன்மையாக்குவது நம் வழக்கம்தான், 'அவுக வந்தாக' என்பதற்கு அங்கே 'வே ஆயே'. தெலுங்கில் 'வச்சாரு'.

தெலுங்கை வேகமாகத் தாண்டிவிடலாம், பகுதி, காலம், ஆள் என்ற வரிசை நம்முடையதே. ஒரு விஷயம் மட்டும்: வச்சாடு என்றால் வந்தான், வச்சிந்தி என்றால் வந்தாள், அதே வச்சிந்தி வந்தது என்பதற்கும். பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒருமையில் ஒரே விகுதி. நம் காதுக்கு ஒரு மாதிரி இருக்கும், ஆகவே வாடிக்கையாளர்களிடம் 'வச்சாரு'வையே பிடித்துக்கொண்டால் எந்த வம்பும் இல்லை.

மலையாளம் இன்னும் எளிது, எளிது என்பதாலேயே ஏமாற்றும். வந்நு, வருன்னு, வரும். ஞான் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. வால் கிடையாது. பழைய மலையாளத்தில் இருந்தது, பிறகு கழன்று விழுந்துவிட்டது. நமக்கு இருக்கும் தொல்லை வேறு: "ஞான் செய்து" என்று அவர் நிறுத்தினால் அது முழு வாக்கியம். நம் காதுக்கோ வினையெச்சம், 'செய்து... அப்புறம்?' என்று காத்துக்கொண்டு நிற்போம். அவர் பேசி முடித்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

அக்கரை மொழி சிங்களம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் கூப்பிடு தூரம் மாதிரிதான், 1964 புயலுக்கு முன்பு வரை கப்பலே ஓடியது. மன்னாரில் தமிழ்தான் பேசுகிறார்கள், ஆனால் தெற்கே கொழும்பு வரை போகிறவர்களுக்குச் சிங்களம் வேண்டும். பேச்சுச் சிங்களத்தில் மம யனவா, ஓயா யனவா, எயா யனவா. நான், நீ, அவர் எல்லோருக்கும் யனவா. மலையாளம் போலவே வாலில்லாத வினை. காலமும் இரண்டுதான்: யனவா, கியா. போனதற்குக் கியா, மற்றதெல்லாம் யனவா. 'ஹெட்ட யனவா' என்றால் நாளை போகிறேன், ஹெட்ட என்ற சொல்தான் நாளையைச் சுமக்கிறது. ஆனால் எதிர்மறைக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: போகவில்லை என்பதற்கு இன்றைக்கு 'யன்னே நே', நேற்றைக்கு 'கியே நே'. தமிழில் ஒன்றாகிப்போவது அங்கே இரண்டாக நிற்கிறது. 'வரவில்லை' என்று மனதில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் பாதி நேரம் தப்பாகும். எழுதும் சிங்களம் தனிக் கதை, மம யமி, அபி யமு என்று அங்கே வால் உண்டு. பத்திரிகை படிக்கப் போவதில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அரபிக்கு வந்தால் நம் சுவரில் ஒட்டிய தாளே தலைகீழாகும். பகுதி என்பது தொடர்ச்சியான துண்டு இல்லை, மூன்று மெய்யெழுத்துகள். க், த், ப் என்றால் எழுதுவது சம்பந்தப்பட்ட எல்லாம். நடந்து முடிந்ததற்கு வால் பின்னால்: கதப, எழுதினான். கதபத், எழுதினாள். கதப்து, எழுதினேன். முடியாததற்கு ஆள் முன்னால் வந்துவிடுவார்: யக்துபு, எழுதுகிறான். அக்துபு, எழுதுகிறேன். நக்துபு, எழுதுகிறோம். இதில் தக்துபு மட்டும் இரண்டு வேலை பார்க்கும், 'அவள் எழுதுகிறாள்', 'நீ எழுதுகிறாய்' இரண்டும் அதுதான். எதிர்காலத்துக்கு அதே வடிவத்தின் முன்னால் 'ஸ' சேர்த்து ஸயக்துபு.

கீழக்கரைப் பக்கம் மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது மாளி (முடிந்தது), முளாரிஉ (முடியாதது), அம்ர் (ஏவல்) என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ என்று 14 வடிவங்களை ராகமாகச் சொல்லி வைத்திருப்பார்கள். ஒருமை, இருமை, பன்மை என்று மூன்று எண்ணும், ஆண் பெண் வேறுபாடும் சேர்ந்து அந்தப் 14. மனப்பாடத்தை நான் கிண்டல் செய்தேனே, இந்த ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. ராகம் போட்டுச் சொன்னது வாழ்நாளுக்கும் நாக்கில் நிற்கிறது, அதைச் சிறுவயதில் செய்யாத நான் வளைகுடாவில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

'இல்லை' கேள்வியை மறக்காதீர்கள். 'அவன் எழுதவில்லை' என்று நேற்றைப் பற்றிச் சொல்ல 'லம்' போட வேண்டும், லம்முக்குப் பின்னால் வருவது முடியாத காலத்து வடிவம்: லம் யக்துப். வடிவம் நிகழ்காலத்தது, பொருள் இறந்த காலம். 'இனி எழுதமாட்டான்' என்றால் லன் யக்துப.

தெருவில் இறங்கினால் அதுவும் மாறும். வளைகுடாவில் 'பரூஹ்' என்றால் போவேன். எகிப்துக்காரர் அதே 'பரூஹ்' என்றால் போகிறேன், போவது வழக்கம். போவேன் என்பதற்கு அவர் 'ஹரூஹ்' என்பார். நான் வேலை பார்த்த இடத்தில் மேஸ்திரி எகிப்துக்காரர், முதலாளி உள்ளூர்க்காரர். ஒரே சொல்லை இரண்டு பேரும் சொல்ல, யார் எப்போது எங்கே போகிறார் என்று எனக்குப் பிடிபடவே நாலு மாதம் ஆனது. இதெல்லாம் வேண்டாம் என்று பல நாட்டுத் தொழிலாளிகள் சேர்ந்து பேசும் உடைந்த அரபி ஒன்று அங்கே உண்டு, 'அன ரூஹ், இன்த ரூஹ்' என்று வாலே இல்லாமல். முதல் வருடம் அது சோறு போடும். ஆனால் அதிலேயே தங்கிவிட்டால் பத்து வருடம் கழித்தும் கட்டளை வாங்கும் ஆளாகத்தான் இருப்பீர்கள், கணக்கு வழக்கு பேசும் இடத்துக்கு நகர முடியாது.

மலாய்க்கு அரை மணி நேரம் போதும். காலத்துக்காகவோ ஆளுக்காகவோ வினை மாறவே மாறாது. மக்கான், சாப்பிடு. சுடா மக்கான், சாப்பிட்டாயிற்று. செடாங் மக்கான், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அகான் மக்கான், சாப்பிடுவேன். 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால் வெறும் 'இல்லை' சொல்லக்கூடாது, 'பெலும்' என்று சொல்ல வேண்டும், 'இன்னும் இல்லை' என்று அர்த்தம். நம் ஊரிலும் சாப்பாட்டுக் கேள்விக்கு "இன்னும் இல்லை"தானே வழக்கம்.

ஆங்கிலம். பள்ளியில் 12 கட்டம் போட்ட அட்டவணை கொடுத்துப் பயமுறுத்தினார்கள். உண்மையில் வினை தானே மாறிக் காட்டும் காலம் இரண்டுதான், கோ, வென்ட். மற்றதெல்லாம் வில், ஹேவ், பீ என்ற துணைவினைகளின் வேலை. வாலும் ஒரே ஒரு 'எஸ்', அவன், அவள், அதுவுக்கு மட்டும், அதுவும் நிகழ்காலத்தில் மட்டும். நம்மவர் விழும் இடங்கள் மூன்று. 'தெரிகிறது' என்பதை வைத்து 'ஐ ஆம் நோயிங்' என்பது. எதிர்மறையில் காலத்தை இரண்டு தடவை போட்டு 'டிட் நாட் வென்ட்' என்பது. 'டிட்' காலத்தை வாங்கிக்கொண்டதும் வினை வெறும் பகுதியாகிவிட வேண்டும். அப்புறம் 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே'. பார்த்திருக்கிறேன் என்ற வடிவத்தோடு நேற்று என்று நாள் குறிப்பதை ஆங்கிலம் ஏற்காது. பழைய பாம்பன் பாலம் 1914-லும் புதியது 2025-லும் திறக்கப்பட்டன என்று சொல்ல வந்தால் வருடம் வந்துவிட்டது, எனவே 'ஓப்பன்டு' மட்டும், 'ஹேவ்' கூடாது. வருடம் சொல்லாமல் 'புதுப் பாலம் திறந்துவிட்டார்கள்' என்று செய்தி சொன்னால் 'ஹேவ்' போடலாம்.

நான்காவது படி: தினசரிப் பயிற்சி

ஒரு நோட்டு வாங்குங்கள். மொழிக்குப் பன்னிரண்டு வினை போதும்: வா, போ, இரு, செய், கொடு, வாங்கு, பார், சொல், கேள், சாப்பிடு, வேண்டும், தெரியும். கடைசி இரண்டை முதல் நாளே முடித்துவிடலாம், காரணம் 'எனக்கு வேண்டும்' என்பது போல நம்மைச் சுற்றியுள்ள பல மொழிகளில் ஆள் நான்காம் வேற்றுமைக்குப் போய்விடுகிறார், வினை ஆளுக்காக மாறுவதில்லை. இந்தியில் முஜே சாஹியே, சிங்களத்தில் மட்ட ஓனே, மலையாளத்தில் எனிக்கு வேணம். எனக்கு, உங்களுக்கு, அவருக்கு என்று முன்னால் உள்ளதை மட்டும் மாற்றினால் போதும். கடைக்காரருக்கு இதைவிட லாபமான வினை கிடையாது.

மற்ற பத்துக்கும் ஒவ்வொன்றாக ஒரு பக்கம். மேலே நேற்று, தினமும், இப்போது, நாளை. பக்கவாட்டில் நான், நீங்கள், அவள், அது. ஒவ்வொரு கட்டத்திலும் வெறும் வினையை எழுதாதீர்கள், உங்கள் வாயில் உண்மையிலேயே வரக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள்: "நேற்று வேன் வரவில்லை", "அவள் தினமும் மாலை விற்கிறாள்". கட்டத்துக்குக் கீழே இரண்டாவது வரியில் அதன் 'இல்லை' வடிவம். ஒரு நாளைக்கு ஒரு வினைக்கு மேல் தொட வேண்டாம். எழுதியதை அந்த மொழிக்காரர் ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இங்கே அதற்குப் பஞ்சமே இல்லை. கோயிலில் 22 தீர்த்தம் ஆடிவிட்டு ஈரத் துணியோடு வருகிறவர்களிடம் வேண்டாம், பாவம். மத்தியானம் மூன்று மணிக்கு வரவேற்பு அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் சந்தோஷமாகத் திருத்துவார்கள்.

திருத்தியதைத் தப்புக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், தப்பை அடிக்காதீர்கள். என் நோட்டில் முதல் பக்கத்தில் இன்றும் 'கல் = நாளை' என்று இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் நீல மையில் 'கயே தே', அதற்கும் கீழே வேன் வாடகை, ரூ. 200.